ஒல்லியான உடம்பில் கொழுப்புக் கல்லீரல்: முன்கூட்டியே கணிக்க வழி உண்டா?

தறிமேடை (குடியாத்தம்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கும் என் அண்ணனுக்கு அண்மையில் நிறுவனத்தின் சார்பில் முழு உடல் பரிசோதனை நடந்தது. வயிற்று ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர், கிரேடு 1' என்று வந்திருக்கிறது. வீட்டில் யாருக்கும் இது நம்பும்படியாக இல்லை. வயது 41, உயரம் 165 செ.மீ., எடை 58.5 கிலோ, எங்கள் தெருவில் அவரை இன்றும் 'ஒல்லி அண்ணன்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். மது அருந்தும் பழக்கம் அறவே இல்லை.

மற்ற அளவுகள்: வெறும் வயிற்றுச் சர்க்கரை 108, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 5.9, ரத்தக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 210, நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். 36, கல்லீரல் நொதிகளான எஸ்.ஜி.ஓ.டி. 34, எஸ்.ஜி.பி.டி. 52, ஜி.ஜி.டி. 38, தட்டணுக்கள் 2,40,000, ரத்த அழுத்தம் 128/84, இடுப்புச் சுற்றளவு 88 செ.மீ. அறிக்கையின் அடியில் 'உடல் எடை: இயல்பு' என்று பச்சை மையில் அச்சிட்டிருக்கிறார்கள்.

குண்டானவர்களுக்கு இந்த நோய் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். இப்படிப்பட்ட உடம்புக்காரர்களில் யாருக்கு வரும் என்பதை ஸ்கேன் எடுப்பதற்கு முன்பே சொல்லக்கூடிய அளவுகோல் ஏதேனும் இருக்கிறதா என்று தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

பாகாயம் வாசகர் எழுதியது:

நான் அரசு மருத்துவப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் அண்ணனின் அறிக்கையில் எடையைப் பற்றிய அந்த ஒரு வரியைத் தவிர மற்ற வரிகள் பெரும்பாலும் எச்சரிக்கையாகவே இருக்கின்றன.

முதலில் 'ஒல்லி' என்பதற்கான வரம்பைப் பார்ப்போம். உடல் நிறை எண், அதாவது பி.எம்.ஐ., 25க்குக் கீழே இருந்தால் இயல்பு என்பது மேலை நாட்டுக் கணக்கு. ஆசியர்களுக்கு 23லிருந்தே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இல் எடுத்துச் சொன்னது. உங்கள் அண்ணனுக்கு ஏறக்குறைய 21.5 வருகிறது, எந்தக் கணக்குப்படியும் அவர் ஒல்லிதான். ஆனால் பி.எம்.ஐ. கொழுப்பை அளப்பதில்லை, உயரத்துக்கு எடை எவ்வளவு என்பதை மட்டுமே அளக்கிறது. 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு படத்தை மருத்துவர்கள் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள். புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாக்னிக், லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கின் இருவரும் அருகருகே நிற்கிறார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடலில் உள்ள கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2 விழுக்காடு.

தோலுக்கடியில் கொழுப்பைச் சேமித்து வைக்கும் கொள்ளளவு எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. அந்தக் கொள்ளளவு குறைந்தவர்களுக்கு, மிஞ்சுகிற சிறிதளவு சத்துகூட வயிற்றுக்குள்ளும் கல்லீரலுக்குள்ளும் போய்ச் சேருகிறது. நம் மக்களிடம் தசை குறைவாக இருப்பதும் சேர்ந்துகொள்கிறது. உண்ட மாவுச்சத்திலிருந்து வரும் குளுக்கோஸைப் பெருமளவில் வாங்கிக்கொள்வது தசைதான், அது குறைந்தால் அந்தச் சுமை கல்லீரலின் மீது விழுகிறது. இன்சுலின் அளவு உயர்ந்தே இருக்கும்போது கல்லீரல் அந்தச் சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றிக்கொண்டே இருக்கும். பி.என்.பி.எல்.ஏ.3 என்ற மரபணுவில் காணப்படும் ஒரு மாற்றம் கல்லீரலில் கொழுப்பு சேர்வதோடு தொடர்புடையது என்று 2008இல் கண்டுபிடித்தார்கள். அந்த மாற்றம் இருப்பவர்களுக்கு எடை கூடாமலேயே கல்லீரலில் கொழுப்பு சேரலாம்.

இது ஏதோ நகரத்து ஏசி அறை நோய் என்று நினைக்க வேண்டாம். மேற்கு வங்கத்தின் கிராமப்புறத்தில் நடத்தி 2010இல் வெளியான ஆய்வில் 8.7 விழுக்காட்டினருக்குக் கல்லீரலில் கொழுப்பு இருந்தது. அவர்களில் நான்கில் மூன்று பங்கினரின் பி.எம்.ஐ. 25க்குக் கீழே. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொப்பைகூட இல்லை.

ஆய்வக மேசை (ராணிப்பேட்டை) எழுதியது:

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். கேள்வி கேட்டவர் எல்லா எண்களையும் கொடுத்துவிட்டதால், வழக்கத்தில் இருக்கும் கணக்குகளை அவற்றுக்குப் போட்டுப் பார்த்தேன். விடை கவனிக்கத்தக்கது.

கொழுப்புக் கல்லீரல் குறியீடு என்ற ஒன்றை 2006இல் இத்தாலியில் உருவாக்கினார்கள். ட்ரைகிளிசரைடு, ஜி.ஜி.டி., இடுப்புச் சுற்றளவு, பி.எம்.ஐ. ஆகிய நான்கையும் அதில் இட வேண்டும். 30க்குக் கீழே வந்தால் கொழுப்பு இல்லை எனலாம், 60ம் அதற்கு மேலும் வந்தால் இருக்கிறது எனலாம். உங்கள் அண்ணனுக்கு வருவது 40. அதாவது 'சொல்ல முடியாது'. இதே ரத்தத்தை, ஓர் எண்ணைக்கூட மாற்றாமல், பி.எம்.ஐ. 28ம் இடுப்பு 98 செ.மீட்டரும் உள்ள ஒருவருடையதாக வைத்துக் கணக்கிட்டால் 74 வருகிறது. கொரியாவில் உருவான இன்னொரு குறியீட்டிலும் இதே கதைதான்: உங்கள் அண்ணனுக்கு 33.7, அது 30க்கும் 36க்கும் இடைப்பட்ட தெளிவற்ற பகுதி. பருமனானவராக வைத்தால் 40.2. எடையே கணக்குக்குள் ஓர் உறுப்பாக உட்கார்ந்திருப்பதால், ஒல்லியானவருக்கு அது தொடக்கத்திலேயே மதிப்பெண்ணைக் குறைத்துவிடுகிறது.

எடையைக் கேட்காத கணக்கு ஒன்றும் உண்டு. ட்ரைகிளிசரைடையும் வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் பெருக்கி, இரண்டால் வகுத்து, இயல் மடக்கை (ln) எடுப்பது. உங்கள் அண்ணனுக்கு 9.3 வருகிறது, சீனாவில் கொழுப்புக் கல்லீரலுக்காக இதைச் சோதித்த ஓர் ஆய்வில் வரம்பு 8.5ஐ ஒட்டி இருந்தது. ஒல்லியானவர்களைப் பொறுத்தவரை என் நம்பிக்கை இந்தப் பக்கம்தான். ஆனால் ஒன்று: மாதிரி கொடுப்பதற்கு முந்தைய இரவு விருந்து சாப்பிட்டுவிட்டுக் காலையில் 'வெறும் வயிறு' என்று வந்து உட்காருகிறவர்களின் ட்ரைகிளிசரைடை நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஆம்பூர்ப் பக்கம் கல்யாண மாதங்களில் இது அதிகம்.

இடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலானவர்கள் பேண்ட் அளவைச் சொல்கிறார்கள், அல்லது லுங்கி கட்டுகிற இடத்தில் டேப்பைச் சுற்றுகிறார்கள்; அது தொப்பைக்குக் கீழே இருக்கும் இடம். கடைசி விலா எலும்பின் கீழ்விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், இயல்பாக மூச்சை வெளியே விட்ட நிலையில், சட்டையை விலக்கி அளக்க வேண்டும். '32 சைஸ் பேண்ட்' போடுகிறவருக்கு அந்த இடத்தில் 88 செ.மீ. இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். நம் ஆண்களுக்கு வரம்பு 90, பெண்களுக்கு 80. உங்கள் அண்ணன் வரம்புக்குள்தான் இருக்கிறார், ஆனால் இடுப்பு உயரத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது என்ற எளிய கணக்கில் மாட்டிக்கொள்கிறார்: 165இல் பாதி 82.5.

ஆரணிக்காரன் எழுதியது:

மன்னிக்கவும், எனக்கு இதில் வேறு கருத்து உண்டு. பத்து ஆண்டுகளுக்கு முன் இந்தப் பெயரையே யாரும் கேட்டதில்லை. இப்போது எந்த ஸ்கேன் மையத்துக்குப் போனாலும் கிரேடு 1 எழுதாமல் அனுப்புவதில்லை. ஒல்லியாக இருப்பவனையும் நோயாளி ஆக்கிவிட்டால் பரிசோதனை வியாபாரம் முழுமை பெற்றுவிடும். கிரேடு 1 என்பதால் யாருக்கு என்ன கெட்டுவிட்டது என்று யாராவது சொல்லுங்கள். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து குடித்த தலைமுறைக்கு இந்தக் குறியீடு எதுவும் தேவைப்படவில்லை.

பாகாயம் வாசகர் எழுதியது:

ஆரணி நண்பரின் ஐயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. ஒல்லியானவர்கள் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி ஸ்கேன் எடுக்கச் சொல்லி எந்த வழிகாட்டுதலும் இல்லை. அமெரிக்க இரைப்பை குடலியல் சங்கம் 2022இல் வெளியிட்ட குறிப்பு, பொதுமக்களில் ஒல்லியானவர்களுக்கு வழக்கமான சோதனை வேண்டாம் என்றே சொல்கிறது. 40 வயதைத் தாண்டி, இரண்டாம் வகை நீரிழிவும் இருந்தால் பரிசீலிக்கலாம் என்கிறது.

மறுபாதியை ஏற்க இயலாது. சுவீடனில் திசுச் சோதனையால் இந்த நோய் உறுதி செய்யப்பட்ட 646 பேரைச் சராசரியாக இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். ஒல்லியானவர்களுக்குத் தொடக்கத்தில் கல்லீரல் தழும்பு குறைவாகவே இருந்தது. அப்படி இருந்தும் பிற்காலத்தில் கடுமையான கல்லீரல் நோய் வரும் வாய்ப்பு அவர்களுக்கே அதிகமாகத் தெரிந்தது. 'ஒல்லிதானே' என்று விட்டுவிட முடியாது என்பதற்கு இது போதும்.

கீழாநெல்லியைப் பொறுத்தவரை, இந்த நோயில் கொழுப்பையும் தழும்பையும் அது குறைக்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. மூலிகை என்றாலே தீங்கற்றது என்றும் இருந்துவிடக் கூடாது. கொரோனா காலத்தில் சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிப்போடு வந்தவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள்.

காட்பாடி கணக்காசிரியர் எழுதியது:

கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கிறேன். கேள்வி கேட்டவர் 'முன்கூட்டியே' என்று ஒரு சொல் போட்டிருக்கிறார். இதுவரை இங்கே பேசப்பட்ட எதுவும் அந்தச் சொல்லுக்கு விடை ஆகவில்லை.

'ஒல்லியானவர்களுக்கான ஆபத்தைக் கணிக்கும் மாதிரி' என்ற தலைப்பில் வரும் கட்டுரைகளில் பலவற்றை நான் படித்திருக்கிறேன். முழு உடல் பரிசோதனைக்கு வந்த ஆயிரக்கணக்கானவர்களின் ரத்த அளவையும் ஸ்கேனையும் ஒரே நாளில் எடுத்து, முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கணக்கிடுகிறார்கள். அதனால் தெரிவது இன்று யாருடைய கல்லீரலில் கொழுப்பு இருக்கக்கூடும் என்பது மட்டும்தான். இன்று கொழுப்பு இல்லாத ஒல்லியானவர்களில் ஐந்தாண்டுகளுக்குப் பின் யாருக்கு வரும் என்று சொல்ல வேண்டுமென்றால், இன்று ஸ்கேன் சுத்தமாக உள்ளவர்களை மட்டும் பிரித்தெடுத்து ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தாக வேண்டும். ட்ரைகிளிசரைடு உயர்ந்ததால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்ததா, கல்லீரலில் கொழுப்பு சேர்ந்துவிட்டதால் ட்ரைகிளிசரைடு உயர்ந்ததா என்பதை ஒரே நாளில் எடுத்த அளவுகளால் ஒருபோதும் பிரித்துச் சொல்ல முடியாது.

இன்னொரு சிக்கல், கணக்கு எந்த மக்களிடம் உருவானது என்பது. ஷாங்காயின் அலுவலக ஊழியர்களிடம் சரியாக வேலை செய்த சூத்திரம் பேரணாம்பட்டில் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இங்கே ஒரு குழுவிடம் சரிபார்த்த பின்னரே வரம்பு எண்களை நம்ப வேண்டும்.

சரியாக வேலை செய்யும் சூத்திரமே கிடைத்தாலும் விளைவு எப்படி இருக்கும் என்று பாருங்கள். ஒல்லியான ஆயிரம் பேரில் நூறு பேருக்கு நோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சூத்திரம் நோயுள்ளவர்களில் 80 விழுக்காட்டினரைப் பிடிக்கிறது, நோயற்றவர்களில் 80 விழுக்காட்டினரைச் சரியாக விலக்குகிறது என்றும் வைப்போம். 'ஆபத்து' என்று அது காட்டுகிற 260 பேரில் 80 பேருக்குத்தான் நோய் இருக்கும். 180 பேர் வீணாகக் கவலைப்படுவார்கள். மாறாக 'ஆபத்து இல்லை' என்று சொல்லப்பட்ட 740 பேரில் 720 பேர் நிம்மதியாகப் போகலாம். எனவே யாருக்கு ஸ்கேன் தேவையில்லை என்று சொல்வதற்கே இப்படிப்பட்ட கணக்குகள் உதவும். நோய் என்று முத்திரை குத்துவதற்கு அவற்றைப் பயன்படுத்தினால் ஆரணி நண்பர் சொன்னதுதான் நடக்கும்.

பின்தொடர்ந்து பார்ப்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு நம் ஊரிலேயே இருக்கிறது என்பதைப் பலர் அறிவதில்லை. 1969 முதல் 1973 வரை வேலூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் பிறந்த குழந்தைகளின் எடையையும் உயரத்தையும் பதிவு செய்துவைத்து, அவர்கள் முப்பது வயதை நெருங்கியபோது மீண்டும் தேடிச் சென்று சர்க்கரையை அளந்தார்கள். அந்த இளம் வயதிலேயே பலருக்குச் சர்க்கரைக் கோளாறு தொடங்கியிருந்தது. குழந்தைப் பருவத்தில் மெலிந்திருந்து, பின்னர் வேகமாக உடல் நிறை எண் ஏறியவர்களிடம் அது அதிகம். அது கல்லீரலைப் பற்றிய ஆய்வு அன்று, ஆனாலும் நம் உடம்பின் வரலாற்றைச் சொல்கிறது. 'பிறந்தபோது எடை எவ்வளவு, இருபது வயதில் எடை எவ்வளவு, இப்போது எவ்வளவு' என்ற மூன்று கேள்விகளும் இன்றைய பி.எம்.ஐ.யைவிடக் கூடுதலாகச் சொல்லக்கூடும் என்பது என் எண்ணம்.

தறிமேடை எழுதியது:

ஆசிரியர் ஐயா கேட்ட கேள்வியை அண்ணனிடம் கேட்டேன். திருமணத்தின்போது 47 கிலோ இருந்தாராம். பிறந்தபோது எவ்வளவு என்று அம்மாவுக்கு நினைவில்லை. 'கைக்குள் அடங்குகிற மாதிரி இருந்தான்' என்கிறார்.

பாகாயம் வாசகர் எழுதியது:

அப்படியென்றால் அவர் ஒல்லியாகவே இருந்தவர் அல்லர். தம் உடம்பின் கணக்குப்படி ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு எடை கூடியவர். அந்த 11.5 கிலோவும் தசையாகச் சேர்ந்திருக்க வாய்ப்பில்லை.

பீடிச்சுற்று (பேரணாம்பட்டு) எழுதியது:

இங்கே எல்லோரும் ஆண்களைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் பகுதியில் பீடி சுற்றும் பெண்களிடையே தன்னார்வலராகப் பணியாற்றுகிறேன். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு காலை முதல் விளக்கு வைக்கும் வரை ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் இவர்கள். மதியம் சோறு, மாலையில் சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீயோடு வருக்கி, இரவில் மீண்டும் சோறு. கை கால்கள் குச்சி போல இருக்கும், புடவைக் கொசுவத்துக்கு மேல் வயிறு மட்டும் தனியே தெரியும். இவர்களை எடை இயந்திரத்தில் ஏற்றினால் 'இன்னும் நன்றாகச் சாப்பிடுங்கள் அம்மா' என்றுதான் சொல்லி அனுப்புகிறார்கள்.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வீட்டு வாசலிலேயே பார்க்கப்படுகின்றன. அதே ஆண்டில் மத்திய அரசும் கொழுப்புக் கல்லீரலைத் தொற்றா நோய்த் திட்டத்தில் சேர்த்தது. அப்படியிருக்க, சர்க்கரை பார்க்க வருகிறவர் கையில் ஓர் இஞ்சு டேப்பும் இருந்தால் என்ன குறைந்துவிடும்? ஸ்கேனுக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் குடியாத்தத்துக்கோ வேலூருக்கோ போக வேண்டிய பெண்களுக்கு, யார் போக வேண்டாம் என்று சொல்வதே பெரிய உதவி. ஆசிரியர் சொன்ன 740 பேரை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

மாதவிடாய் நின்ற பிறகு இந்த ஆபத்து கூடுமா என்பதையும் மருத்துவர் ஐயா சொல்ல வேண்டும்.

பாகாயம் வாசகர் எழுதியது:

கூடும் அம்மா. மாதவிடாய் நிற்கும் வரை ஈஸ்ட்ரோஜன் ஓரளவு காப்பு அளிக்கிறது; அதற்குப் பின் கொழுப்பு வயிற்றுப் பக்கம் நகரத் தொடங்குகிறது. இளம் பெண்களிலும் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு உள்ளவர்களைக் கவனிக்க வேண்டும். டேப் பற்றிய உங்கள் யோசனையை முழுமையாக ஆதரிக்கிறேன்.

வாலாஜா வாசல் எழுதியது:

தோல், காலணித் தொழிலில் பசையும் கரைப்பானும் சுவாசிக்கிறவர்களுக்கும் இது வருமா? கேள்வி கேட்டவரின் அண்ணன் அந்தத் தொழிலில் இருப்பதால் கேட்கிறேன்.

பாகாயம் வாசகர் எழுதியது:

நல்ல கேள்வி. செயற்கைத் தோல் தயாரிப்பில் பயன்படும் டைமெத்தில் ஃபார்மமைடு கல்லீரலைத் தாக்கக்கூடியது என்பது நெடுங்காலமாகத் தெரிந்த ஒன்று. ஒல்லியானவருக்குக் கல்லீரலில் கொழுப்பு தெரிந்தால் பருமனானவரிடம் கேட்பதைவிடக் கூடுதலாகக் கேள்விகள் கேட்க வேண்டும்: என்ன வேலை, என்ன மாத்திரை, ஸ்டீராய்டு, மெத்தோட்ரெக்சேட், டாமாக்சிஃபென், அமியோடரோன் போன்றவை உண்டா, ஹெபடைடிஸ் சி இருக்கிறதா, தைராய்டு எப்படி, இளம் வயது என்றால் தாமிரம் தேங்கும் வில்சன் நோயாக இருக்குமா. ஆனால் இந்த அண்ணனுக்குச் சர்க்கரை, ட்ரைகிளிசரைடு, எச்.டி.எல். மூன்றுமே பிறழ்ந்திருப்பதால் காரணத்தை வெகுதூரம் தேட வேண்டியதில்லை. 2023இல் இந்த நோய்க்குப் புதுப் பெயரும் வரையறையும் கொடுத்தபோது, கல்லீரல் கொழுப்போடு வளர்சிதை மாற்றக் கோளாறு ஒன்றாவது இருக்க வேண்டும் என்றார்கள். இவரிடம் மூன்று இருக்கின்றன.

தறிமேடை எழுதியது:

இனி என்ன செய்ய வேண்டும்? 'எடையைக் குறையுங்கள்' என்று நிறுவனத்தின் மருத்துவர் சொன்னதற்கு வீட்டில் சண்டையே வந்துவிட்டது. இன்னும் இளைத்தால் ஆள் நிற்பாரா என்கிறார் அண்ணி.

பாகாயம் வாசகர் எழுதியது:

அண்ணியின் கவலை புரிகிறது. பருமனானவர்களுக்குச் சொல்லும் 7 முதல் 10 விழுக்காடு எடைக் குறைப்பு இவருக்குத் தேவையில்லை. ஹாங்காங்கில் செய்த ஒரு சோதனையில், பருமன் இல்லாதவர்களில் 3 முதல் 5 விழுக்காடு எடை குறைத்தவர்களில் பாதிப் பேருக்குக் கல்லீரல் கொழுப்பு நீங்கியது. இவருக்கு அது இரண்டு, மூன்று கிலோதான். ஆனால் பட்டினி கிடந்து அதைக் குறைத்தால் தசைதான் போகும். சோற்றின் அளவைக் குறைத்து, அந்த இடத்தில் பயறு, முட்டை, மீன், காய் என்று வைக்க வேண்டும். இனிப்புக் குளிர்பானத்தை நிறுத்த வேண்டும். நடைப்பயிற்சியோடு எடை தூக்கும் பயிற்சியும் தேவை. வயிறு சுருங்கி, தோளும் தொடையும் திரண்டால் எடை இயந்திரத்தில் ஒரு கிலோகூடக் குறையாவிட்டாலும் எனக்குக் கவலையில்லை.

அடுத்து முக்கியமானது தழும்பு. கொழுப்பு இருக்கிறதா என்பதைவிடத் தழும்பு விழுந்திருக்கிறதா என்பதுதான் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறது. கையிலுள்ள அறிக்கையைக் கொண்டே அதைக் கணக்கிடலாம். வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்கி, தட்டணுக்களின் எண்ணிக்கையை (ஆயிரத்தில்) எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். ஃபிப்-4 எனப்படும் இந்தக் கணக்கில் எடைக்கு இடமே இல்லை. உங்கள் அண்ணனுக்கு 0.81 வருகிறது, 1.3க்குக் கீழே என்பதால் கடுமையான தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 1.3ஐத் தாண்டியிருந்தால் கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்கச் சொல்லியிருப்பேன். மூன்று மாதச் சராசரி 5.9 என்பது நீரிழிவுக்கு முந்தைய நிலை. ஆண்டுதோறும் அதையும் ஃபிப்-4ஐயும் பார்த்துவந்தால் போதும்.

ஆரணிக்காரன் எழுதியது:

செலவில்லாத கணக்கு என்பதால் இதை ஏற்றுக்கொள்கிறேன். என்னுடையதையும் போட்டுப் பார்த்தேன், 1.1. இடுப்பை இன்னும் அளக்கவில்லை.

தறிமேடை எழுதியது:

கடைசியாக ஒன்று. எனக்கு வயது 33, எடை 56. அப்பாவுக்கும் சர்க்கரை உண்டு. நானும் ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

பாகாயம் வாசகர் எழுதியது:

உடனே வேண்டாம் தம்பி. முதலில் இடுப்பை, ஆய்வக நண்பர் சொன்ன இடத்தில் அளந்து பாருங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி, ட்ரைகிளிசரைடு, எச்.டி.எல்., எஸ்.ஜி.பி.டி. ஆகியவற்றை எடுத்துவிடுங்கள். எஸ்.ஜி.பி.டி. இயல்பாக இருப்பதை மட்டும் வைத்துத் தப்பித்தோம் என்று நினைக்கக் கூடாது, கொழுப்பு இருந்தும் அது இயல்பாகவே இருக்கலாம். உங்கள் வயதில் ஃபிப்-4 போட வேண்டாம், 35க்குக் கீழே அது நம்பகமானதன்று. சர்க்கரையோ ட்ரைகிளிசரைடோ வரம்பைத் தாண்டியிருந்தால் அந்த அறிக்கையை இங்கேயே போடுங்கள், ஸ்கேனைப் பற்றி அப்போது பேசுவோம்.